செல்ஃப் எடுக்காத அம்பாசடர்: ஓசையியல், அளவையியல் நோக்கில் ஓர் ஆய்வு

அம்பாசடர் காரின் சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பாமல் நிற்கும்போது, சுற்றி நிற்பவர்களில் ஒருவர் தவறாமல் உரைக்கும் நூற்பா ஒன்று உண்டு: “லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு.” இதை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. காலமும் உறுதியாகவில்லை, காருக்கு ஹாரனும் பேட்டரியும் வந்த பிறகு என்று மட்டும் துணியலாம். சில வட்டாரங்களில் ‘வைப்பரும் ஆடுது’ என்றோர் அடி கூடுதலாக வழங்குகிறது. பழைய அம்பாசடரில் வைப்பர் ஆடுவதே அபூர்வம் என்பதால் அவ்வடியை இடைச்செருகல் என்று தள்ளிவிடலாம்.

நூற்பாவின் முதல் இரண்டு அடிகள் காண்டல் அளவையால் பெறப்பட்டவை. மறுக்க இடமில்லை, விளக்கு எரியத்தான் செய்கிறது, ஹாரன் தெருவையே எழுப்புகிறது. மூன்றாவது அடி கருதல் அளவை. பிழை நுழைவது அங்கேதான். இந்த ஒரு பிழையால் நல்ல செல்ஃப் மோட்டார்கள் கழற்றப்பட்டிருக்கின்றன, முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளைகள் ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய சேதத்தை விளைவிக்கும் ஒரு கூற்று இதுவரை முறையான மறுப்புக்கு ஆளாகாதது ஆய்வுலகின் அலட்சியம்.

ஆய்வு எல்லையை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சில் 1957-இல் செய்யத் தொடங்கி 2014 மே மாதம் நிறுத்திய அம்பாசடரே இங்கே ஆய்வுப் பொருள். அதிலும் பாயிண்ட், கண்டென்சர், காயில் உள்ள பெட்ரோல் வண்டி மட்டும். டீசல் அம்பாசடருக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது; எனவே பிற்பகுதி அதற்குப் பொருந்தாது. கணினி வைத்த புது வண்டிகளின் நோயைக் கண்டறிய லேப்டாப் வேண்டும். அந்த லேப்டாப்பின் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்பது வேறு துறையினர் கவலை.

முன்னோர் ஆய்வுகள்

முன்னோடிகளைச் சொல்லாத ஆய்வேட்டை எந்த நெறியாளரும் கையெழுத்திட்டுத் தருவதில்லை. இத்தாலியின் வோல்டா 1800-இல் மின்கல அடுக்கை அறிவித்தார். பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே 1859-இல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் நிறுத்தி, தீர்ந்தால் மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியைச் செய்தார். அம்பாசடரின் பானெட்டுக்குள் உட்கார்ந்திருப்பது அடிப்படையில் இன்னும் அதுதான். இருவருக்கும் நடுவே, 1827-இல், ஜெர்மனியில் ஜார்ஜ் ஓம் என்ற ஆசிரியர் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றுக்கும் உள்ள கணக்கை எழுதினார். சொந்த நாட்டில் அதை மதிக்க ஆளில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்ளி பதக்கம் கொடுத்தபோதுதான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. ராயல் சொசைட்டி ஏற்க 14 ஆண்டுகள் ஆன அந்தக் கணக்கை, நடுரோட்டில் நின்று யோசனை சொல்லும் மைத்துனர்கள் இன்றுவரை ஏற்கவில்லை.

செல்ஃப் வருவதற்கு முன் கார்க்காரர்கள் முன்பக்க ஓட்டையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார்கள். என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் டேட்டன் நகரத்துச் சார்லஸ் கெட்டரிங் 1911-இல் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கி, 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் அதை ஏற்றினார். அதற்கு முன் அவர் கடைகளின் கல்லா இயந்திரத்துக்கு மோட்டார் செய்தவர். அங்கே அவர் கண்டுகொண்டது எளிமையானது: கண நேரம் மட்டுமே ஓடப்போகும் மோட்டாருக்கு அதன் சக்திக்கு மீறிய மின்சாரத்தைக் கொடுக்கலாம், அது சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். கல்லாவின் இழுப்பறையைத் திறந்த அதே தந்திரம் கார் என்ஜினையும் சுழற்றியது. ஆய்வின் ஆணிவேர் இந்தச் செய்தியில் இருக்கிறது. கீழே மறுபடி தேவைப்படும்.

அதே 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் போக்குவரத்துத் தொழிலில் இறங்கினார். அவர் தொடங்கிய குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், சென்னை பாடியில் வண்டிகளுக்கான மின்சாதனங்களைச் செய்தது. தமிழ்நாட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் பேச்சில் லூகாஸ் என்ற பெயர் ஊர்ப்பெயர் அளவுக்கு ஊறிப்போனது. மூலப்புருஷரான ஜோசப் லூகாஸைப் பிரிட்டிஷ் கார்ப் பிரியர்கள் ‘இருட்டின் இளவரசர்’ என்று கேலி செய்வார்கள். வழியில் விளக்கு அணைந்து நின்ற பழைய வண்டிகளின் உபயம். ஆய்வு நேர்மை கருதி ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். 1834-இல் பர்மிங்காமில் பிறந்து, தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்று, சைக்கிள் விளக்கு செய்து பெரியாளான லூகாஸ் 1902-இல் இறந்துவிட்டார். செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது ஒன்பது ஆண்டு கழித்து. குற்றம் சாட்டப்பட்டவர் சம்பவத்தின்போது உயிரோடே இல்லை.

ஓசையதிகாரம்

தொல்காப்பியர் எழுத்தில் தொடங்கினார். இவ்வாய்வும் ஒலியில் தொடங்குகிறது. சாவியைத் திருப்பும்போது பழைய வண்டி எழுப்பும் ஓசைகளைக் காது கொடுத்துக் கேட்பவர்களுக்குப் பாதி நோய் பானெட்டைத் திறக்கும் முன்பே விளங்கிவிடும். பெரும்பாலோர் கேட்பதில்லை. அந்த நேரத்தில் அவர்கள் வண்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாவது, முழு மௌனம். ‘டக்’ என்ற சத்தம்கூட இல்லை. செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலனாய்டு அசையவே இல்லை என்று இதற்குப் பொருள். சாவி சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். சாவியிலிருந்து சொலனாய்டுக்குப் போகும் மெல்லிய வயர் கழன்றிருக்கலாம். விளக்கும் எரியாத மௌனமாக இருந்தால் கை நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, ஒற்றை ‘டக்’. சொலனாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது. பெரிய மின்சாரம் மட்டும் போய்ச் சேரவில்லை. சொலனாய்டின் உள்ளே செம்பு முனை கருகியிருக்கலாம். மோட்டாரின் கார்பன் பிரஷ் அதன் கூட்டில் சிக்கிக்கொண்டிருக்கலாம். இந்தப் பிரஷ் விவகாரத்தில்தான் மெக்கானிக்குகளின் புகழ்பெற்ற சிகிச்சை பிறந்தது: வீல் ஸ்பேனரை எடுத்துச் செல்ஃப் மோட்டாரின் மண்டையில் ஒரு தட்டு. பார்ப்பவர்களுக்கு இது மூடநம்பிக்கையாகத் தெரியும். உண்மையில் அதிர்ச்சியில் சிக்கிய பிரஷ் விடுபட்டு ஆர்மேச்சரைத் தொடுகிறது, வண்டி கிளம்புகிறது. தேய்ந்த பிரஷ் தட்டினால் வளர்ந்துவிடாது என்பதால் நாளை மறுபடி தட்ட வேண்டும். சில வண்டிகளில் அந்த ஸ்பேனர் டிரைவர் சீட்டுக்கு அடியில் நிரந்தரக் குடியுரிமை பெற்றுவிடுகிறது.

மூன்றாவது ஓசைதான் இலக்கியச் சுவை மிக்கது: ‘டகடகடகடக’. சாவியைத் திருப்பியதும் சொலனாய்டு இழுக்கிறது. மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. உறிஞ்சியதும் மின்னழுத்தம் சரிகிறது. சரிந்ததும் சொலனாய்டு கைவிடுகிறது. கைவிட்டதும் சுமை நீங்கி அழுத்தம் மீள்கிறது. மீண்டதும் மறுபடி இழுக்கிறது. ஒரு நொடிக்குள் பல முறை இந்த ஊடலும் கூடலும் நடக்கின்றன. அழுத்தம் ஏன் சரிந்தது என்பதே இங்கே கேள்வி. பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது பேட்டரி நிறைந்திருந்தும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கலாம். ஓசை இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

நான்காவது ‘உர்ர்… உர்ர்…’ என்று இழுத்து இழுத்துச் சுற்றுவது. இது மூன்றாவதன் இளைய உறவு. அதே இரண்டு காரணங்கள், கொஞ்சம் லேசாக. ஐந்தாவது ‘விர்ர்ர்’ என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுழல்வது. மோட்டாரின் சிறு பல்சக்கரம் பிளைவீலின் பல்லைக் கவ்வவில்லை. மின்சாரத்துக்கு இதில் பங்கே கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கையோ உடைந்த ஸ்பிரிங்கையோதான் கேட்க வேண்டும். நேர்மாறாக, கவ்விய பல் விடுபடாமல் இறுகிக்கொள்வதும் உண்டு. அப்போது வண்டியை டாப் கியரில் போட்டு, சாவியை அணைத்து, முன்னும் பின்னும் ஆட்டினால் பல் கழன்றுவிடும். தெருவில் நாலு பேர் அம்பாசடரைத் தொட்டிலாட்டுவதைக் கண்டால் அது இந்த வகை.

மாற்றார் கொள்கை மறுத்தல்

இனி நூற்பாவுக்கு வருவோம். ஹெட்லைட் பல்ப் ஒன்று 60 வாட். 12 வோல்ட் வண்டியில் அது எடுக்கும் மின்சாரம் 5 ஆம்பியர். ஹாரனும் ஏறக்குறைய அதே அளவு. டேஷ்போர்டு விளக்கோ கால் ஆம்பியர்கூட எடுக்காது. செல்ஃப் மோட்டார் எடுப்பது 100 முதல் 200 ஆம்பியர்; கெட்டரிங்கின் தந்திரம் அதுதானே. ஹெட்லைட் எரிவதைப் பார்த்துச் செல்ஃபுக்குப் போதும் என்று முடிவு கட்டுவது, பஸ்ஸுக்குச் சில்லறை இருப்பதைப் பார்த்து வீடு வாங்கக் கிளம்புவது.

ஓமின் கணக்கை வைத்தால் வேடிக்கை இன்னும் கூடுகிறது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஏதோ ஓரிடத்தில், துருவாலோ தளர்ந்த நட்டாலோ, 0.03 ஓம் தடை மட்டும் உட்கார்ந்திருப்பதாகக் கொள்வோம். சாதாரண மீட்டரில் அளந்தால் பூஜ்ஜியம் என்றே காட்டும் அளவு அது. 5 ஆம்பியர் அதன் வழியே போகும்போது இழப்பு 0.15 வோல்ட். விளக்கு மங்கியதே கண்ணுக்குத் தெரியாது. ஹாரன் கம்பீரமாகவே ஒலிக்கும். அதே தடை வழியாக 150 ஆம்பியர் போக முயன்றால் இழப்பு 4.5 வோல்ட். 12.6 வோல்ட்டில் அதைக் கழித்தால் மோட்டாருக்கு மிஞ்சுவது எட்டு சொச்சம். பேட்டரியின் சொந்தச் சரிவையும் சேர்த்தால் அதுவும் மிஞ்சாது. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை, ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

ஆனால் மாற்றார் கொள்கையை முழுவதும் தள்ளிவிடுவதும் நியாயமல்ல. விளக்கு நல்ல சாட்சிதான். அதை விசாரிக்கும் நேரம்தான் தவறு. விளக்கை எரியவிட்டு, ஒருவர் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். விளக்கு பளிச்சென்று அணைந்து, சாவியை விட்டதும் பளிச்சென்று திரும்பினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் பேட்டரி டெர்மினல். மெல்ல மங்கி அழுதுவடிந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. கொஞ்சமும் மங்காமல் அலட்சியமாக எரிந்துகொண்டே இருந்தால் மின்சாரம் மோட்டாருக்குக் கிளம்பவே இல்லை. சொலனாய்டையும் சாவியையும் விசாரிக்கலாம். பைசா செலவில்லாத இந்தச் சோதனைக்கு வேண்டியது இரண்டு ஆட்கள். மைத்துனரின் இருப்பு அறிவியலுக்குப் பயன்படும் ஒரே சந்தர்ப்பம் இது.

மீட்டர் உள்ளவர்களுக்கு இன்னும் துல்லியமான வழி இருக்கிறது. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி, 11.9 என்றால் கிட்டத்தட்ட முழுவதும் காலி. இந்த எண்ணைப் பார்த்துத் திருப்தியடைந்து மீட்டரைப் பையில் போட்டுவிடுவது இரண்டாம் தலைமுறைப் பிழை. செல்ஃப் அடிக்கும்போதே பார்க்க வேண்டும், 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிமேல் சந்தேகம் நியாயமானது. இறங்கவில்லை, ஆனாலும் மோட்டார் முனகுகிறது என்றால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தூணிலும், மறுமுனையை அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதாகக் கண் சொல்கிறது. நடுவே பூஜ்ஜியம் காட்ட வேண்டிய மீட்டர் 2 வோல்ட் காட்டினால், தொடவில்லை என்று பொருள். மின்சார ஆராய்ச்சியில் கண்ணை நம்பாமல் இருக்கக் கற்றுத்தரும் தருணங்களில் இதற்கு இணையில்லை.

புதுப் பேட்டரி என்னும் மாயை

கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால் வெளியே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். எல்லோரும் இந்தப் பூவைக் கண்டு பயப்படுகிறார்கள். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். சமையல் சோடாவைத் தூவிப் பொங்குவதை ரசிக்கிறார்கள். பூ அசிங்கமே தவிர முதல் குற்றவாளி அல்ல. குற்றவாளி உள்ளே இருக்கிறான்: ஈயத் தூணுக்கும் கிளாம்புக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில், மயிரிழையிலும் மெல்லிய ஒரு தோல். பிளேடாலோ உப்புத்தாளாலோ தேய்த்து, ஈயம் பளபளவென்று தெரியும்வரை சுரண்டி, கிளாம்பின் உள்வட்டத்தையும் அப்படியே சுரண்டி, இறுக்கி மாட்டி, அதன் பிறகே மேலே வாஸலின் தடவ வேண்டும். முதலில் தாராளமாக வாஸலின் பூசிவிட்டு அதன் மேல் கிளாம்பை மாட்டுபவர்களும் உண்டு. கருதுகோள் சரி, செய்முறை வரிசை தவறு.

இங்கே ஓர் ஆய்வுமுறைச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். செல்ஃப் எடுக்காத வண்டிக்கு மைத்துனர் சொல்லும் மருந்து ஒன்றே ஒன்று: “மாமா, பேசாம பேட்டரிய மாத்திடுங்க.” மாமா மாற்றுகிறார். அடுத்த நொடி வண்டி சீறிக் கிளம்புகிறது. “பாத்தீங்களா?” என்கிறார் மைத்துனர். ஆனால் கடையில் பேட்டரி மாற்றிய பையன் பழைய கிளாம்பைக் கழற்றினான், தேய்த்தான், பளபளக்கும் புதுத் தூணில் இறுக்கி மாட்டினான். வண்டியைக் கிளப்பியது புதுப் பேட்டரியா, அந்தத் தேய்ப்பா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் பிரித்தறிய வழியில்லை. பழைய பேட்டரியை அதே பையன் அதே அக்கறையோடு தேய்த்து மறுபடி மாட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்படி ஒரு சோதனையைப் பேட்டரிக் கடையில் செய்துகாட்டச் சொல்லும் தைரியம் வாடிக்கையாளருக்கும் இல்லை, கடைக்காரருக்கும் அதில் ஆர்வம் இருக்க நியாயமில்லை. நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனால் பேச்சு வேறாக இருக்கும்: “அவசரப்படாதீங்க சார், மொதல்ல டெர்மினல சுத்தம் பண்ணிப் பாத்துருவோம்.” இப்படிச் சொல்பவர் அன்றைக்குச் சம்பாதிப்பது குறைவு. அவரை விட்டுவிடக் கூடாது.

பேட்டரி உண்மையாகவே சாவதும் உண்டு, மறுக்கவில்லை. குளிரைப் பழி சொல்வது மேல்நாட்டு வழக்கம். சென்னையிலும் வேலூரிலும் கொல்வது வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தண்ணீர் வற்றுகிறது, தகடு அரிக்கிறது. டைனமோ உள்ள பழைய மாடல்களில் இன்னொரு தொல்லை: சிக்னலில் வண்டி நின்று மெதுவாக உறுமும்போது டைனமோ ஒன்றும் தருவதில்லை. ராத்திரி நேரத்தில் ஹெட்லைட்டும், டேஷ்போர்டில் மாட்டிய குட்டி மின்விசிறியும் சேர்ந்து பேட்டரியையே தின்கின்றன. அந்த விசிறி எந்தப் பழைய அம்பாசடரின் மின்சார வரலாற்றிலும் தனி அத்தியாயம் பெறத் தக்கது. முதலாளி முகத்தில் காற்று பட வேண்டும் என்று வயர்மேன் ஒருவர் கையில் கிடைத்த இடத்திலிருந்து வயர் இழுத்திருப்பார். அது சாவிக்கு முன்னாலா பின்னாலா என்பது அணைக்க மறந்த மறுநாள் காலைதான் தெரியும்.

எர்த் இயல்

பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும் என்பதைப் பலர் நம்புவதில்லை. போகும் வழிக்குத் தடித்த வயர் இருக்கிறது. திரும்பும் வழி வண்டியின் உடம்பு. ஆனால் என்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். ரப்பர் வழியே மின்சாரம் போகாது. எனவே என்ஜினையும் பாடியையும் சேர்க்க, பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று அடியில் இருக்கும். கறுத்து, எண்ணெய் படிந்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் அதைக் கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கும்போது கழற்றுவார்கள். திரும்ப மாட்டுவதும் உண்டு.

மாட்டாத வண்டிகளில் நடப்பதுதான் அதிசயம். 150 ஆம்பியர் மின்சாரம் வீடு திரும்ப வழி தேடுகிறது. என்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் வேறு என்ன இருக்கிறது? சோக் கேபிள். ஆக்ஸிலரேட்டர் கேபிள். அந்த மெல்லிய கம்பிகள் வழியே மொத்த மின்சாரமும் முண்டியடிக்கிறது. செல்ஃப் முனகுகிறது, டிரைவர் சோக் குமிழை இழுக்கிறார், கையைச் சுட்டுக்கொண்டு உதறுகிறார். சோக் கேபிளிலிருந்து புகை வரும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது தருக்க நூலார் காலங்காலமாகக் காட்டும் உதாரணம். புகையைக் கண்டு எர்த் பட்டையை ஊகிப்பது அதன் அடுத்த படி. சோதிப்பதும் சுலபம்: ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த் தூணிலும் கவ்வ வைத்துச் செல்ஃப் அடித்தால், வண்டி துள்ளிக் கிளம்பும். அதுவரை செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, காயில் கட்டி, புஷ் மாற்றி, மறுபடி மாட்டிச் செலவழித்த பணத்தைப் பற்றி அந்த நேரத்தில் பேசாதிருப்பது நாகரிகம்.

‘பியூஸ் போயிருக்கும்’ என்ற கட்சியையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். 1950-களின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இருந்தவை இரண்டே பியூஸ்கள். செல்ஃபும் இக்னிஷனும் அவற்றின் வழியே போவதே இல்லை. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டிய கைகள் எத்தனையோ. அவற்றால் ஹாரன் பிழைத்திருக்கலாம், செல்ஃப் பிழைத்திருக்காது.

சுற்றுகிறது, பற்றவில்லை

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பற்றவில்லை என்றால் ஆய்வு வேறு அதிகாரத்துக்கு நகர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் காயில் வயரைப் பிடுங்கி, ரப்பர் உறையைப் பிடித்துக்கொண்டு, என்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி நிறுத்திச் செல்ஃப் அடிக்க வேண்டும். நீலப் பொறி ‘சடக் சடக்’ என்று தாவினால் காயிலும் பாயிண்டும் நலம். மஞ்சளாகச் சோர்ந்து விழுந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். ஒன்றுமே வராவிட்டால் பாயிண்டைத் திறந்து பார்க்க வேண்டும். முகம் கருகி மேடுபள்ளமாகியிருக்கும். தேய்த்து, 0.015 அங்குல இடைவெளி வைக்கலாம். கேஜ் இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பார்கள். ஓரளவு சரியாகவே வரும். வடகிழக்குப் பருவமழை நாளில் இதெல்லாம் தேவையில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

எந்த அதிகாரத்தில் தேடுவது என்று தெரியாதவர்களுக்குத் தெருவே ஆய்வுக்கூடம். செகண்ட் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்து, நாலு பேரைத் தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட வேண்டும். கிளம்பிவிட்டால் பெட்ரோலும் பொறியும் சரி. நோய் பேட்டரி, வயர், செல்ஃப் பக்கம். கிளம்பாவிட்டால், செல்ஃபைத் திட்டுவதை நிறுத்திவிட்டு பாயிண்ட் பக்கம் போகலாம். தள்ளுபவர்கள் தாங்கள் ஒரு கட்டுப்படுத்தப்பட்ட சோதனையில் பங்கேற்கிறோம் என்பதை அறியாமலேயே “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று தள்ளுகிறார்கள்.

எலுமிச்சைக் கோட்பாடு

ஆயுத பூஜையன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய வண்டி ஆண்டு முழுவதும் நிற்காது என்ற கொள்கை வலுவானது. இதை மின்சார நோக்கில் யாரும் சோதிக்காததால் இங்கே கணக்கிடப்படுகிறது. எலுமிச்சம்பழத்தில் துத்தநாக ஆணியும் செம்புக் கம்பியும் குத்தினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் கிடைக்கும். நாலு சக்கரத்துக்கு நாலு பழம். தொடராக இணைத்தால் 3.6 வோல்ட். 12.6 வோல்ட்டுக்கு 14 பழம் தேவை. அழுத்தம் வந்துவிட்டது. மின்னோட்டம்? ஒரு பழத்திலிருந்து 1 மில்லி ஆம்பியர் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியருக்கு இப்படி ஒன்றரை லட்சம் வரிசைகள் வேண்டும். ஆக 21 லட்சம் எலுமிச்சம்பழம். ஒன்று 50 கிராம் என்றால் 105 டன். அம்பாசடரின் எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான். கோட்பாடு பிழையல்ல, அதைச் செயல்படுத்த லாரிகள் வேண்டும், அந்த லாரிகளாவது ஸ்டார்ட் ஆக வேண்டும்.

மெக்கானிக் வந்ததும் கிளம்பும் தோற்றப்பாடு

கடைசியாக, விளக்கமற்றதாகக் கருதப்படும் ஒரு நிகழ்வு. மே மாத மதியம் நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியை டீக்கடையில் நிறுத்துகிறார்கள். டீ முடிந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’. போன் போட்டு மெக்கானிக்கை வரவழைக்கிறார்கள். அவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்து, பானெட்டைத் திறந்து, இரண்டு வயரை அசைத்துவிட்டு, “இப்ப அடிங்கண்ணே” என்கிறார். முதல் அடியிலேயே கிளம்புகிறது. வண்டிக்கு மெக்கானிக் முகம் பார்த்தால் பயம் என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்வார்கள்.

செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். ஓடிய வண்டியை அணைத்ததும் காற்றோட்டம் நின்று, என்ஜினின் சூடு பக்கத்திலிருக்கும் செல்ஃப் மோட்டாரில் ஏறுகிறது. 60 டிகிரி ஏறினால் மோட்டாரின் சுருளிலும் சொலனாய்டின் சுருளிலும் தடை கால் பங்கு அளவுக்குக் கூடிவிடும். சொலனாய்டு இழுக்கும் பலம் குறைகிறது. காலையில் குளிர்ந்திருக்கும்போது சமாளித்த கருகிய முனையும் அழுக்கு டெர்மினலும் இப்போது சேர்ந்து கைவிரிக்கின்றன. முக்கால் மணி நேரத்தில் சூடு இறங்குகிறது, தடை குறைகிறது, வண்டி கிளம்புகிறது. அந்த நேரத்தில் வருபவர் மெக்கானிக்காக இருந்தாலும் முறுக்கு விற்பவராக இருந்தாலும் கிளம்பியிருக்கும். ஆகவே அவருக்குக் காசு கொடுப்பதா என்ற கேள்வி எழுகிறது. கொடுப்பதே முறை, வந்துபோன பெட்ரோலுக்காவது. ஆனால் அத்தோடு நோய் தீர்ந்தது என்று நினைக்காமல், அதே வண்டியை மறுநாள் மதியம் ஊரைச் சுற்றி நன்றாகச் சூடேற்றி, நேராக எலக்ட்ரீஷியன் கடை வாசலில் கொண்டுபோய் அணைத்து, பத்து நிமிடம் கழித்து மீட்டரை மாட்டிச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்குக் குளிர்ந்த வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினால் அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.